பாதத்தில் தொடங்கி மேலே ஏறும் மதமதப்பு: எனக்கு வந்த ஜிபிஎஸ்

இரண்டு பாதங்களிலும் ஒரே சமயத்தில் மதமதப்பு தொடங்கி, சில நாட்களுக்குள் பலவீனம் முழங்கால், தொடை, கை என்று மேலே ஏறிக்கொண்டே போனால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அன்றைக்கே நரம்பியல் மருத்துவரும் ஐசியூவும் உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு வாரமும் கிட்டத்தட்ட 30,000 ரூபாயும் வீணாகியிருக்காது. எனக்கு வந்த நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜிபிஎஸ் (GBS). உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருகிற நோய். 2025 தொடக்கத்தில் புனேயில் ஒரே சமயத்தில் நிறையப் பேருக்கு வந்தபோது செய்திகளில் அடிபட்டது. அரிதாக வருவதால்தான் அக்கம்பக்கத்தில் கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் எனக்கு நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

புது வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. அம்மாவும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள், கூடப்பிறந்த அக்கா சார்ஜாவில். முதலில் வந்தது வயிற்றுப்போக்குதான். காய்ச்சலும் சேர்ந்து சில நாட்கள் படுத்தி எடுத்தது, அப்புறம் தானாக நின்றுவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு வாரம் போல ஆனபிறகு உள்ளங்கால்களில் குறுகுறுப்பு. ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன், பின்னால் வந்த பையன் கூப்பிட்டுச் சொன்னான். மறுநாள் பஸ் படியில் கால் ஏறவில்லை, கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கினார். அதற்கடுத்து, கழிவறையில் குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சுவரில் ஓடும் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தேன். முதுகின் கீழ்ப்பகுதியிலும் தொடைகளிலும் அப்படி ஒரு வலி, ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை.

தெருமுனை கிளினிக்கில் மருத்துவர் என் பாதத்தில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்றார். "நல்லா வலிக்குது டாக்டர்" என்றேன். "அப்போ உணர்ச்சி இருக்கு, நரம்புல ஒண்ணும் இல்லை" என்று பி12 ஊசி போட்டு, சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லை. அடுத்து எலும்பு மருத்துவர், இடுப்புக்கு எம்ஆர்ஐ, அதற்கு 7,500 ரூபாய். முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று பெல்ட் கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மா பரிதாபப்பட்டு, நரம்பு பிசகியிருக்கும் என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிற ஒருவரை அழைத்து வந்தார். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓரிரவு வைத்துப் பார்த்தார்கள். நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிற நரம்புக் கடத்தல் பரிசோதனையும் எடுத்தார்கள். அதற்கு 3,500, படுக்கைக்கும் மற்றதற்கும் 14,000. ரிப்போர்ட் நார்மல். "தனியா இருக்கீங்க இல்ல, மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்டு, தூக்கத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது அழுதேன். நடக்க முடியவில்லை என்று ஒரு மனுஷன் சொல்வதை யாரும் நம்பவில்லை என்கிற வேதனை, கால் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கே கோட்டை விட்டார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்கும் நடக்கலாம். நம் நரம்பு இழைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. தசையை அசைக்கிற இழைகளும், கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற இழைகளும் தடிமனானவை. அவற்றைச் சுற்றி மையலின் என்கிற கொழுப்பு உறை இருக்கும். அவற்றில் செய்தி நொடிக்கு 50 மீட்டருக்கு மேல், அதிவேக இழைகளில் 120 மீட்டர் வரைகூட ஓடும். ஊசிக் குத்து, சூடு, குளிர்ச்சி இவற்றைச் சொல்வது மெல்லிய இழைகள். அவற்றில் உறை ரொம்ப மெலிசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. உறையே இல்லாத இழையில் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். எனக்கு வந்த வகை ஜிபிஎஸ் தாக்குவது அந்தத் தடித்த உறையை. அதனால் ஊசி குத்தினால் வலிக்கும், ஆனால் கால் தூக்க வராது. ஊசி வலித்ததால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். "முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் சுத்தியலால் தட்டிப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். தட்டினால் கால் தானாக உதற வேண்டும். ஜிபிஎஸ்ஸில் பெரும்பாலும் அந்த உதறல் குறைந்துபோகும், அல்லது இருக்கவே இருக்காது. சுத்தியலுக்குச் செலவே கிடையாது.

இன்னொன்று, நரம்புக் கடத்தல் பரிசோதனை முதல் வாரத்தில் நார்மலாகவே வரலாம். முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடியிருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனையும் அப்படித்தான். அந்த நேரத்தில் நார்மல் என்று வந்த காகிதத்தை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பி12 குறைவாலும் சர்க்கரையாலும் நரம்பு கெடும், உண்மைதான். ஆனால் அதற்கு வழக்கமாக மாதங்கள், வருடங்கள் ஆகும். நாளுக்கு நாள் மேலே ஏறுகிற வேகம்தான் ஜிபிஎஸ்ஸைக் காட்டிக்கொடுப்பது. மருத்துவரிடம் பேசும்போது "கால் பலவீனமா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், என்றைக்குப் படி ஏற முடியவில்லை, என்றைக்கு எழ முடியவில்லை, என்றைக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். முந்தைய வாரங்களில் வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ இருந்ததா என்பதையும், அவர்கள் கேட்காவிட்டாலும், சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய இரண்டாவது ராத்திரி, தண்ணீர் குடித்தால் உதட்டோரம் வழிந்தது. குரல் மூக்கால் வந்தது. படுத்தால் மூச்சுப் போதவில்லை, உட்கார்ந்தால் உடம்பு சரிந்தது. போனில் பேட்டர்ன் போட விரல் வரவில்லை. எப்படியோ கடைசியாகப் பேசிய எண்ணுக்கே அழைப்பு போனது, அது ஆபீஸில் கூட வேலை செய்கிற அண்ணன். காசிமேட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மூக்கால் வந்த என் குரலைக் கேட்டதுமே 108-க்குப் போன் போட்டார். குறுகலான மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் ஒருவர் முதலில் செய்தது சுத்தியலால் தட்டியதுதான். முட்டி அசையவில்லை. "சமீபத்துல பேதி ஆச்சாண்ணே?" என்று கேட்டார். அப்புறம், "நல்லா மூச்சு இழுத்துட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணுங்க" என்றார். 15 தாண்டுவதற்குள் மூச்சு தீர்ந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். சில நிமிடத்தில் ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த எண்ணும் பரிசோதனையை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்போடு இருப்பவர் ஒரே மூச்சில் தாராளமாக 30, 40 எண்ணுவார். கால் பலவீனத்தோடு இருப்பவருக்கு 20-ஐத் தொடவே முடியவில்லை என்றால் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன என்று அர்த்தம். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரை நம்பிக்கொண்டிருக்காதீர்கள், அது கடைசி நேரம் வரைக்கும் 97, 98 என்றே காட்டும். ஜிபிஎஸ் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. நான் அதன் விளிம்பு வரை போய் நின்றேன்.

ஐசியூவில் படுத்திருந்தபோது என்னை அதிகம் வதைத்தது ஒரே கேள்விதான். மூளை நன்றாக வேலை செய்கிறது, தசை அப்படியே இருக்கிறது, கட்டைவிரலை அசை என்று மனசுக்குள் கத்துகிறேன், அது ஏன் அசையவில்லை? வார்டுக்கு மாற்றியபிறகு அதே இளம் மருத்துவர்தான் பொறுமையாகச் சொன்னார். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிற ஒரு நரம்பு செல்லின் நீண்ட இழை, பாதத்துத் தசை வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. சும்மா இருக்கும்போது இழையின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் போலக் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். செய்தி கிளம்பும்போது சவ்வில் இருக்கிற நுண்ணிய வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. உள்பக்கம் ஒரு கணம் நேர்மின்னாக மாறுகிறது. பொட்டாசியம் வெளியே போய்ப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இதெல்லாம் ஒரு மில்லிசெகண்டு கூத்து. உறை போட்ட இழையில் இது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. உறைக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று என்கிற கணக்கில் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன, ரான்வியர் கணுக்கள் என்று பெயர். அங்கே மட்டும் வாசல் திறக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் லோக்கல் எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும்போது, எக்ஸ்பிரஸ் பல ஸ்டேஷன்களைத் தாண்டி ஓடுகிறதே, அந்த மாதிரி வேகம் செய்திக்கு இதனால்தான் கிடைக்கிறது.

எனக்குள் நடந்தது என்னவென்றால், பேதி உண்டாக்கிய கிருமியோடு சண்டை போட உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள்கள் நரம்பையும் எதிரி என்று நினைத்துவிட்டன. காம்பிலோபாக்டர் என்கிற பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கிற சில சர்க்கரை அமைப்புகள் நம் நரம்பில் இருப்பவற்றை அப்படியே ஒத்திருக்கின்றன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். உறை அரிக்கப்பட்ட இடத்தில் மின்னோட்டம் வெளியே கசிகிறது. அடுத்த கணுவை வந்து சேர்வதற்குள் வாசலைத் திறக்கிற அளவுக்குப் பலம் இருப்பதில்லை, செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் இழையில் இப்படி ஆயிரம் கணுக்கள் இருந்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் போதும். நீளமான இழையில் கெட்டுப்போக அதிக இடம் இருப்பதால்தான் முதலில் பாதம். அவர் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. மனக்கவலை என்று எழுதிக் கொடுத்தார்களே, இல்லை, என் நரம்பில் ஓடவேண்டிய செய்தி நடுவழியில் நின்றுபோயிருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்கிற இரண்டு பேர் இந்தச் சோடியம், பொட்டாசியம் கணக்கை 1952-ல் வெளியிட்டு, 1963-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தது, நம் காசிமேட்டில் கூடை கூடையாக இறங்குகிறதே கடம்பா (ஸ்க்விட்), அந்தச் சாதியின் நரம்பை. கடம்பாவுக்கு மையலின் உறை கிடையாது. வேகம் வேண்டுமென்றால் அதற்கு இருக்கிற ஒரே வழி, இழையைத் தடிமனாக்குவது. அதனால் அதன் பெரிய நரம்பிழை அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். அவ்வளவு தடித்தும் அதன் வேகம் நொடிக்கு 25 மீட்டர் போலத்தான். நம்முடைய மிகத் தடித்த இழை அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது, ஆனாலும் அதைவிட நான்கு மடங்கு வேகம், எல்லாம் உறை செய்கிற வேலை. அந்த உறை போனால் மனுஷன் எவ்வளவு சடுதியில் விழுவான் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

சிகிச்சைக்கு வருகிறேன். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஐவிஐஜி என்கிற இம்யூனோகுளோபுலின் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், வழக்கமாக ஐந்து நாளில் ஏற்றுவார்கள். 60 கிலோ இருந்தால் 120 கிராம். இன்னொன்று, ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் செலுத்துவது. எனக்கு இரண்டாவதைச் செய்தார்கள். கழுத்து ரத்தக்குழாயில் குழாய் போடுவார்கள். திரவம் ஏறும்போது குளிரும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். அது கால்சியம் தற்காலிகமாகக் குறைவதால், உடனே சொன்னால் மருந்து கொடுப்பார்கள். நடுவில் சொந்தக்காரர்கள் சிலர், பிளாஸ்மா மாற்றுவது பழைய முறை, தனியாருக்கு மாற்று என்று நச்சரித்தார்கள். ஒரு இடத்தில் ஐவிஐஜிக்கு மட்டும் மூன்றரை லட்சம் கேட்டார்கள், ஐசியூ வாடகை தனி. நரம்பியல் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: இரண்டும் சமமாகவே பலன் தரும், எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதைத் தொடங்குவதுதான் முக்கியம். தனியாரில் இருப்பவர்கள் மருந்து வாங்கக் கடன் தேடுவதற்கு முன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள், ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போங்கள். யாராவது ஸ்டீராய்டு மாத்திரை போதும் என்றால் நம்பாதீர்கள், தனியாக ஸ்டீராய்டு கொடுப்பதால் ஜிபிஎஸ்ஸில் பலனில்லை.

தனியாக இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள், இவற்றை எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். விரல் வேலை செய்யாவிட்டால் போன் திறக்காது, பணம் அனுப்ப முடியாது, கையெழுத்தும் வராது. கை நன்றாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவரிடம் போன் பேட்டர்ன், அவசரத்துக்கு ஒரு செக், காப்பீட்டு விவரம், வீட்டுச் சாவி கொடுத்து வையுங்கள். யுபிஐயில் ஒரு நாளைக்கு வழக்கமாக ஒரு லட்சம்தான் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் அழைப்பு மணியை அழுத்த முடியாத நிலை வந்தால், நர்ஸ் அக்காவிடம் முன்கூட்டியே ஒரு சைகை பேசி வையுங்கள். எனக்குக் கண்ணை மூன்று முறை இறுக்கி மூடினால் சளி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முகத் தசை தளர்ந்து கண் முழுசாக மூடாமல் போனபோது அதுவும் கஷ்டமாகிவிட்டது, தலையை ஆட்டிச் சமாளித்தேன். கண் மூடாதவர்களுக்கு ராத்திரியில் மருந்து போட்டு டேப் ஒட்டச் சொல்லுங்கள், கருவிழி காய்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். ராத்திரிக்கு ஒரு அட்டெண்டர் வைத்தேன், பிசியோதெரபியோடு சேர்த்து 80,000 ரூபாய்க்கு மேல் ஆனது. வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம் தனி. உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்ப்படியாகக் கிடைக்கும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள். என் சம்பளம் அதற்குக் கொஞ்சம் மேலே, எனக்குக் கிடைக்கவில்லை.

தேறுவது மெதுவாகத்தான். பலவீனம் அதிகபட்சம் நான்கு வாரம் வரை கூடும், அப்புறம் அப்படியே நிற்கும், பிறகு இறங்கும். எனக்குக் கை முதலில் திரும்பியது, பாதம் கடைசியில். நரம்பிழையைச் சுற்றியிருக்கிற ஷ்வான் செல்கள் உறையை மறுபடியும் கட்டிவிடும், அதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும். இழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளரும், முதுகிலிருந்து பாதம் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் பெரும்பாலானோர் பிடிமானமின்றி நடக்கிறார்கள். நானும் நடக்கிறேன், இரண்டு மாடி ஏறுகிறேன், ஆனால் சாயங்காலம் ஆனால் ஆளை அடித்துப்போடுகிற களைப்பு வருகிறது. பிசியோதெரபியை ஜிம் மாதிரி முட்டி மோதிச் செய்யச் சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள், மறுநாள் எழ முடியாத அளவுக்குச் செய்தால் அது அதிகம். சமீபத்தில் மறுபடி நரம்புக் கடத்தல் பார்த்தபோது காலில் வேகம் நொடிக்கு 30 மீட்டருக்குக் கீழேதான் இருந்தது, 40-க்கு மேல் இருக்க வேண்டும். பயந்துபோனேன். புதிதாகக் கட்டின உறை மெலிசாகவும், கணுக்கள் நெருக்கமாகவும் இருக்கும், அதனால் வேகம் குறைவாகவே நிற்கலாம், தசைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் போதும் என்றார்கள். அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது கையையும் காலையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு போங்கள். ஏசி அறையில் கால் சில்லிட்டால் ஒரு டிகிரிக்கு நொடிக்கு 2 மீட்டர் போல வேகம் குறைவாகக் காட்டும், வீண் பயம். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பின்னாளில் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் ஜிபிஎஸ் வந்தவன் என்று முதலிலேயே சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்கிற தசைத் தளர்த்தி மருந்து இந்த நோய் கண்டவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அந்த ஒரு வரி இல்லாததால், நானே கேட்டு சிவப்பு மையில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.